வீட்டு ஃபயர்வால்ல போர்ட் ஓப்பனா, க்ளோஸா? கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் அடிக்கடி கேக்கற கேள்விகள்

எங்க பக்கம் இப்ப மாந்தோப்பு, மண்டி, கோழிப்பண்ணை, தனி வீடுனு எல்லா இடத்துலயும் கேமரா வந்துருச்சு, ஃபைபர் லைனும் கிராமம் வரைக்கும் வந்துருச்சு, அதோட சேர்ந்து "போர்ட் ஓப்பன் பண்ணணும்"ங்கற பேச்சும் வந்துருச்சு. பண்ணிக் குடுக்கறவங்க அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டு கெளம்பிடறாங்க, அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள இருக்கறதுல எது எது வெளிய தெரியுதுனு ஓனருக்கு யாரும் சொல்றதில்ல. காவேரிப்பட்டணம், பர்கூர், பாலக்கோடு, அரூர்னு வேலைக்குப் போற இடத்துல எல்லாம் திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள கீழ சேத்து வெச்சிருக்கேன். போர்ட் நம்பர விட, அந்த நம்பருக்குப் பின்னாடி எந்த ப்ரோக்ராம் உக்காந்து பதில் சொல்லுதுங்கறதுதான் முக்கியம், இத மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

போர்ட்னா ரௌட்டர் பின்னாடி ஒயர் சொருகற ஓட்டை தானே?

அதுக்கும் போர்ட்னு தான் பேரு, லேன் போர்ட். ஃபயர்வால்னா உள்ள வர்ற, வெளிய போற டேட்டாவ விடறதா தடுக்கறதானு பாக்கற காவல். அதுல பேசற போர்ட் வெறும் நம்பர், 0ல இருந்து 65535 வரைக்கும். ஐபி அட்ரஸ் மட்டும் இருந்தா டேட்டா உங்க மெஷின் வரைக்கும் வந்து சேரும், ஆனா அந்த மெஷின்ல ஓடற எந்த ப்ரோக்ராமுக்கு அதக் குடுக்கறதுனு தெரியணும்ல, அதுக்குதான் இந்த நம்பர். கிருஷ்ணகிரி மாங்கா மண்டிய நெனச்சுக்கோங்க, மண்டி அட்ரஸ் ஒண்ணு தான், உள்ள கடை நம்பர் வேற வேற, லோடு எந்தக் கடைக்குனு கடை நம்பர வெச்சுதான் இறக்குவாங்க. 1023 வரைக்கும் உள்ள நம்பருங்க பெரும்பாலும் பழைய, எல்லாருக்கும் தெரிஞ்ச வேலைகளுக்குனு ஒதுக்கினது: 22 எஸ்எஸ்எச், 23 டெல்நெட் (ரெண்டும் தூரத்துல இருந்து மெஷின்ல லாகின் ஆக), 53 டிஎன்எஸ் (சைட் பேர ஐபியா மாத்த), 80 சாதாரண வெப், 443 பூட்டு போட்ட வெப். 1024ல இருந்து 49151 வரைக்கும் கம்பெனிங்க பதிவு பண்ணி வெச்சுக்கலாம். அதுக்கு மேல இருக்கறத உங்க கம்ப்யூட்டரே அப்பப்ப தற்காலிகமா எடுத்துக்கும். இது வழக்கம் மட்டும்தான், 443ல வெப் தான் ஓடணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது, எந்த ப்ரோக்ராம எந்த நம்பர்ல வேணா ஓட வைக்கலாம்.

டேட்டா அனுப்பறதுல டிசிபி, யுடிபினு ரெண்டு வகை இருக்கு, ரெண்டுக்கும் தனித்தனியா 65536 நம்பர். ரூல் போடறப்ப இதுல மாத்திப் போட்டுட்டு வேலை செய்யலனு தேடறவங்க நெறைய.

ஓப்பன், க்ளோஸ்ட், ஃபில்டர்ட் மூணுக்கும் என்ன வித்தியாசம்?

இத சரியாப் புரிஞ்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிடும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

டிசிபில ஒரு மெஷின் இன்னொண்ணுகிட்ட பேச ஆரம்பிக்கறப்ப முதல்ல "சின்"னு ஒரு சின்ன பாக்கெட் போகும். அந்தப் பக்கம் அந்த நம்பர்ல ஒரு ப்ரோக்ராம் காத்துக்கிட்டு இருந்தா "சின்-ஆக்"னு பதில் வரும், இதுதான் ஓப்பன். பாக்கெட் மெஷின் வரைக்கும் போச்சு ஆனா அந்த நம்பர்ல யாரும் இல்லனா, மெஷினே "ரீசெட்"னு ஒரு பதில் அனுப்பும், இது க்ளோஸ்ட். ஃபயர்வால் நடுவுல அந்தப் பாக்கெட்ட வாங்கி சத்தமில்லாம கீழ போட்டுட்டா ஒரு பதிலும் வராது, கேட்டவன் காத்திருந்து காத்திருந்து டைம்அவுட் ஆவான், இது ஃபில்டர்ட்.

அதாவது ஒரு போர்ட் ஓப்பனா இருக்கணும்னா ரெண்டு விஷயம் ஒண்ணா நடக்கணும். ஒண்ணு, உள்ள ஒரு ப்ரோக்ராம் அந்த நம்பர்ல காத்திருக்கணும். ரெண்டு, வழியில இருக்கற ஃபயர்வால் எல்லாம் விடணும். ரூல்ல "அலோ"னு போட்டா மட்டும் போர்ட் ஓப்பன் ஆயிடாது, உள்ள யாரும் இல்லனா அது க்ளோஸ்ட்னு தான் காட்டும். அதே மாதிரி உள்ள ப்ரோக்ராம் ஓடிக்கிட்டு இருக்கு, ஃபயர்வால் தடுக்குதுனா அது வெளிய ஃபில்டர்ட், வீட்டுக்குள்ள அதே வைஃபைல இருக்கறவனுக்கு ஓப்பன். ஒரே போர்ட், நீங்க எங்க நின்னு பாக்கறீங்கங்கறத பொறுத்து பதில் மாறும்.

யுடிபில இந்த சின், ஆக் கதை கிடையாது. க்ளோஸ்டா இருந்தா "போர்ட் அன்ரீச்சபிள்"னு ஒரு ஐசிஎம்பி பதில் வரும், ஓப்பனா இருந்தா பல நேரம் ஒண்ணுமே வராது, ஃபில்டர்டா இருந்தாலும் ஒண்ணுமே வராது. அதனாலதான் என்மேப்ங்கற போர்ட் ஸ்கேன் டூல் யுடிபி ஸ்கேன்ல "ஓப்பன் அல்லது ஃபில்டர்ட்"னு ரெண்டயும் சேத்து காட்டுது, அது டூல் கோளாறு இல்ல.

இன்னொண்ணு, நெட்ல இருக்கற போர்ட் செக் சைட்டுங்கள்ல பாதிக்கு மேல ரெண்டே பதில்தான், ஓப்பன் இல்லனா க்ளோஸ்ட். டைம்அவுட் ஆனதையும் க்ளோஸ்ட்லயே சேத்துடுவாங்க. அதனால அந்த "க்ளோஸ்ட்"ட வெச்சு ரொம்ப ஆராய வேண்டாம்.

டெஸ்ட்ல "க்ளோஸ்ட்"னு வருது, "ஸ்டெல்த்"னு வரல. ஆபத்தா?

இல்ல. ஷீல்ட்ஸ்அப்னு ஒரு பழைய டெஸ்ட் இருக்கு, அதுல பதிலே தராத போர்ட்ட ஸ்டெல்த்னு பச்சையா காட்டுவாங்க, அத பாத்து க்ளோஸ்ட்னு வந்தவங்க பயப்படறாங்க. க்ளோஸ்ட் போர்ட்ல உள்ள ஒரு ப்ரோக்ராமும் இல்ல, இல்லாத ப்ரோக்ராம ஹேக் பண்ண முடியாது. ஸ்டெல்த்தா இருந்தா ஸ்கேன் பண்றவனுக்கு நேரம் வீணாகும், அவ்வளவு தான் லாபம்.

யூடியூப் பாக்க 443 ஓப்பனா இருக்கணும்ல? அப்ப என் வீட்டுல 443 ஓப்பன் தானே?

இல்லங்க, இது எல்லாருக்கும் வர்ற குழப்பம். 443 ஓப்பனா இருக்கறது யூடியூப்காரங்க சர்வர்ல. உங்க போன் வெளிய போற கனெக்ஷனுக்கு 50000 சொச்சம்னு ஏதோ ஒரு தற்காலிக நம்பர எடுத்துக்கிட்டு அவங்க 443க்குப் போகுது. ரௌட்டர்ல இருக்கற ஃபயர்வால் "இந்த வீட்டுல இருந்து இந்தக் கனெக்ஷன் போயிருக்கு"னு ஒரு டேபிள்ல குறிச்சு வெச்சுக்கும், அதுக்கு வர்ற பதில மட்டும் உள்ள விடும். கேக்காம வெளிய இருந்து தானா வர்ற பாக்கெட்டுக்கு டேபிள்ல எண்ட்ரி இருக்காது, அது கீழ போயிடும். ஆக சினிமா பாக்க, யுபிஐ போட, வாட்ஸ்அப் கால் பேச, ஆன்லைன் க்ளாஸ் பாக்க, உங்க வீட்டுல உள்வரும் போர்ட் ஒண்ணு கூட ஓப்பன் பண்ண வேண்டாம். வீட்டுல நெட் யூஸ் பண்ற பெரும்பாலானவங்களுக்கு ஓப்பன் போர்ட் எண்ணிக்கை பூஜ்யமா இருக்கறதுதான் சரி.

கேபிள்காரர் குடுத்த பாக்ஸ்ல ஃபயர்வால் இருக்கா?

கிட்டத்தட்ட எல்லா ஃபைபர் பாக்ஸ்லயும் இருக்கு. உள்ள போயி பாத்தா செக்யூரிட்டிங்கற மெனுல லோ, மீடியம், ஹைனு இருக்கும், அதுல ஆஃப்னு இருந்தா மட்டும் மாத்துங்க. நேட்டும் கூடவே வேலை செய்யுது, அதாவது வீட்டுல இருக்கற எல்லா மெஷினும் ஒரே வெளி ஐபிய பங்கு போட்டுக்கற முறை, வீட்டுக்குள்ள 192.168னு ஆரம்பிக்கற அட்ரஸ் வெளி உலகத்துல செல்லாது, அதனால வெளிய இருந்து நேரா உங்க டிவிக்கோ போனுக்கோ யாரும் வர முடியாது. நேட் இதுக்குனு பண்ணதில்ல, அட்ரஸ் பத்தாம பண்ணது, ஆனா பக்கவிளைவா ஒரு தடுப்பு கிடைக்குது. அந்த பாக்ஸோட அட்மின் பாஸ்வேர்ட் மட்டும் அடியில ஸ்டிக்கர்ல இருக்கறதே இருந்தா இன்னைக்கே மாத்திடுங்க.

போர்ட் ஃபார்வர்ட் பண்ணியாச்சு, ஆனா வெளிய செக் பண்ணா க்ளோஸ்ட்னே காட்டுது. ஏன்?

இந்தக் கேள்வி தான் அதிகம் வருது. போர்ட் ஃபார்வர்ட்னா, வெளிய இருந்து ஒரு நம்பருக்கு வர்றத வீட்டுக்குள்ள இருக்கற ஒரு மெஷினுக்கு அனுப்பச் சொல்லி ரௌட்டர்ல போடற ரூல். நான் பாக்கற வரிசையிலயே சொல்றேன்.

முதல்ல ரௌட்டர்ல ஸ்டேட்டஸ் பக்கத்துல வேன் ஐபி (ரௌட்டரோட வெளிப்பக்க ஐபி) என்னனு பாருங்க. அப்புறம் போன்ல அதே வைஃபைல "என் ஐபி என்ன"னு தேடுங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா சரி. வேற வேறயா இருந்தா, குறிப்பா வேன் ஐபி 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா இல்ல 10னு ஆரம்பிச்சா, நீங்க சிஜி-நேட்ல இருக்கீங்க. அதாவது ஒரே பப்ளிக் ஐபிய நெட்காரங்க பல வீட்டுக்கு பங்கு போட்டு குடுத்திருக்காங்க, 100.64 ரேஞ்ச 2012ல இதுக்குனே ஒதுக்கினாங்க. இங்க சின்ன ஊர் கேபிள் லைன்ல இது ரொம்ப சகஜம், தோப்புல சிம் போட்டு வெச்சிருக்கற 4ஜி ரௌட்டர்லயும் இதே கதைதான். சிஜி-நேட்ல உங்க ரௌட்டர்ல எத்தன ரூல் போட்டாலும் பிரயோஜனம் இல்ல, பாக்கெட் உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அவங்க மெஷின்ல நின்னுடும். ஸ்டேட்டிக் ஐபி, அதாவது உங்களுக்குனு மாறாத பப்ளிக் ஐபி, காசு குடுத்து வாங்கணும், இல்லனா போர்ட்டே வேண்டாத வழிக்குப் போகணும், அத கீழ சொல்றேன்.

ஐபி ஒண்ணா இருந்தும் வரலனா, உள்ள டிவிஆர் (கேமரா ரெக்கார்டர் பாக்ஸ்) ஐபி மாறியிருக்கானு பாருங்க. 192.168.1.20க்கு ரூல் போட்டிருப்பாங்க, கரண்ட் போயி வந்ததும் டிவிஆர் 192.168.1.23 எடுத்திருக்கும். ரௌட்டர்ல டிஎச்சிபி ரிசர்வேஷன், அதாவது அந்த மெஷினுக்கு எப்பவும் ஒரே ஐபினு போட்டா இந்தத் தொல்லை தீரும். அப்புறம் அந்த ப்ரோக்ராம் உண்மையில ஓடுதா, விண்டோஸ்னா அதோட சொந்த ஃபயர்வால் தடுக்குதா, ஃபைபர் பாக்ஸுக்கு அப்புறம் நீங்க தனியா ஒரு வைஃபை ரௌட்டர் போட்டு ரெண்டு நேட் ஆயிருக்கானு பாருங்க. ரெண்டு பாக்ஸ் இருந்தா ரெண்டுலயும் ரூல் வேணும், இல்லனா ஒண்ண பிரிட்ஜ் மோட்ல (நேட் பண்ணாம சும்மா கடத்தி விடற மாதிரி) போடணும். சில நெட் கம்பெனிங்க 25, 135, 139, 445 மாதிரி நம்பர்கள அவங்க பக்கமே தடுத்து வெச்சிருப்பாங்க, அது உங்க நல்லதுக்குத்தான்.

இன்னொண்ணு, வீட்டு வைஃபைல இருந்துக்கிட்டே சொந்த பப்ளிக் ஐபிய அடிச்சுப் பாத்துட்டு "வரல"னு சொல்லாதீங்க. பல பாக்ஸ்ல நேட் லூப்பேக் கிடையாது, உள்ள இருந்து அப்படி சுத்தி வர விடாது. மொபைல் டேட்டா போட்டுட்டு பாருங்க.

கேமராவ போன்ல பாக்க போர்ட் ஓப்பன் பண்ணியே ஆகணுமா?

வேண்டாம், வேண்டாம், வேண்டாம். இப்ப வர்ற டிவிஆர், ஐபி கேமரா பெரும்பாலானதுல பி2பி இருக்கு. டிவிஆர் தானா வெளிய போயி கம்பெனி சர்வர்ல ஒரு கனெக்ஷன் வெச்சுக்கும், உங்க போன் ஆப்பும் அங்க போகும், ரெண்டயும் அங்க இணைச்சு விடுவாங்க. கனெக்ஷன் உள்ள இருந்து வெளிய போறதால ஃபயர்வால்ல ஒண்ணும் தொட வேண்டாம், சிஜி-நேட்லயும் வேலை செய்யும். க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணி சேக்கறது இதுதான். கம்பெனி சர்வர நம்பணுமேங்கறது நியாயமான கவலை, அதுக்கும் போர்ட் ஓப்பன் பண்றது தீர்வில்ல, விபிஎன் (வெளிய இருந்து உங்க நெட்வொர்க்குக்குள்ள வர்றதுக்கு பூட்டு போட்ட தனி வழி) தான் தீர்வு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, போன சீசன்ல ஒரு மாங்கா மண்டில டிவிஆர் அடிக்கடி ஹேங் ஆகுதுனு கூப்பிட்டாங்க. ரௌட்டர்ல பாத்தா 80, 554, 37777 மூணும் ஃபார்வர்ட் பண்ணி வெச்சிருந்தது. டிவிஆர் லாக்க தொறந்தா பக்கம் பக்கமா ஒரே மாதிரி வரி, "லாகின் ஃபெயில்ட், யூசர் அட்மின்", ராத்திரி ரெண்டு மணி, மூணு மணினு பாக்காம, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற வெளிநாட்டு ஐபி. நடுவுல யூசர் பேர் "ரூட்"னு மாறுது, "சப்போர்ட்"னு மாறுது, மறுபடி அட்மின். எந்த மனுஷனும் உக்காந்து டைப் பண்ணல, எங்கயோ ஏற்கனவே ஹேக் ஆகி மாட்டிக்கிட்ட கேமராவும் டிவிஆரும் தான் இப்படி அடுத்த ஆள தேடிக்கிட்டு இருக்கும். ரூல மூணையும் எடுத்துட்டு பி2பில போட்டோம், அதுக்கப்புறம் லாக்ல ஓனர் பேரன் லாகின் ஆனது மட்டும்தான் வருது.

2016ல வந்த மிராய்ங்கற மால்வேர் (மெஷினுக்குள்ள புகுந்து அத கைல எடுத்துக்கற கெட்ட ப்ரோக்ராம்) இப்படித்தான் பரவுச்சு. டெல்நெட் போர்ட் 23, அதுக்கப்புறம் 2323, இந்த ரெண்டுலயும் போயி கம்பெனி போட்ட டிஃபால்ட் யூசர்நேம், பாஸ்வேர்ட் அறுபத்து சொச்சம் ஜோடிய மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கும், அவ்வளவுதான் அதோட வித்தை. அப்படிப் புடிச்ச கேமராங்கள வெச்சு 2016 அக்டோபர் 21ல டைன்ங்கற டிஎன்எஸ் கம்பெனிய அடிச்சதுல ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பல இடத்துல தொறக்கல. பாஸ்வேர்ட் பலமா வெச்சா மட்டும் போதும்னும் சொல்ல முடியாது, 2021ல ஹிக்விஷன் கேமரா நெறைய மாடல்ல பாஸ்வேர்டே இல்லாம உள்ள போற ஒரு ஓட்டைய கண்டுபிடிச்சாங்க, கம்பெனி அப்டேட் குடுத்தது, ஆனா இங்க கேமரா மாட்டினதுக்கு அப்புறம் ஃபர்ம்வேர் (கேமராவுக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ற வீடு எத்தன இருக்கு? வெளிய தெரியாத கேமராவுக்கு இந்த ஆபத்து ரொம்பக் கம்மி.

போர்ட் நம்பர மாத்தி வெச்சா பத்திரம்தானே? 37777க்கு பதிலா 45123?

சத்தம் குறையும், பத்திரம் ஆகாது. 2013ல மிச்சிகன் யுனிவர்சிட்டில ஸீமேப்னு ஒரு டூல் பண்ணாங்க, ஒரே கம்ப்யூட்டர், ஒரு ஜிகாபிட் லைன், உலகத்துல இருக்கற ஐபிவி4 அட்ரஸ் அத்தனையும் ஒரு போர்ட்டுக்கு 45 நிமிஷத்துக்குள்ள பாத்துடும். ஷோடான் மாதிரி தேடற சைட்டுங்க நெறைய நம்பர்ல தெனமும் பாத்து, பதில் சொல்ற ப்ரோக்ராம் என்ன, என்ன வெர்ஷன்னு எழுதி வெச்சுக்கறாங்க. நம்பர மாத்தினா கடைய மண்டியோட கடைசி மூலைக்கு மாத்தின மாதிரி, தேடி வர்றவன் வருவான்.

மண்டில டாலி ஓடுது, வீட்டுல இருந்து பாக்கணும். ரிமோட் டெஸ்க்டாப் போர்ட் ஓப்பன் பண்ணலாமா?

3389ஐ நேரா இண்டர்நெட்டுக்கு ஓப்பன் பண்றது கேமராவ விட மோசம். கேமரா போனா படம் போகும், இது போனா கணக்கு மொத்தமா போகும். ஃபைல் எல்லாம் லாக் பண்ணி காசு கேக்கற ரான்சம்வேர் கும்பல் உள்ள வர்ற முக்கியமான வழில இது ஒண்ணு. 2019 மே மாசம் ப்ளூகீப்னு ஒரு ஓட்டை வந்துச்சு, பழைய விண்டோஸ்ல பாஸ்வேர்ட் கேக்கறதுக்கு முன்னாடியே உள்ள போயிடலாம், சப்போர்ட் நிறுத்தின எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் பேட்ச் (ஓட்டைய அடைக்கற அப்டேட்) குடுத்தாங்கனா பாத்துக்கோங்க. இங்க பில் போடற கம்ப்யூட்டர்ல விண்டோஸ் 7 இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு, அத இண்டர்நெட்ல காட்டவே கூடாது.

445ம் அப்படித்தான், ஃபைல் ஷேரிங் போர்ட். அதுல இருந்த ஒரு ஓட்டைக்கு 2017 மார்ச்ல பேட்ச் வந்துருச்சு, மே 12ஆம் தேதி வானாக்ரைங்கற ரான்சம்வேர் வந்து பேட்ச் போடாத கம்ப்யூட்டர்கள இந்த போர்ட் வழியா ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தாவி லாக் பண்ணிச்சு.

என்ன பண்ணலாம்னா, வயர்கார்ட் மாதிரி விபிஎன் போடுங்க. ஸ்டேட்டிக் ஐபி இருந்தா ஒரே ஒரு யுடிபி போர்ட், வழக்கமா 51820, அது மட்டும் ஓப்பன், சரியான கீ இல்லாம வர்ற பாக்கெட்டுக்கு வயர்கார்ட் பதிலே சொல்லாது. சிஜி-நேட்னா டெய்ல்ஸ்கேல் மாதிரி ஒண்ணு போட்டா போர்ட் எதுவும் வேண்டாம். மண்டி கம்ப்யூட்டர்லயும் வீட்டு லேப்டாப்லயும் இன்ஸ்டால் பண்ணி ஒரே அக்கவுண்ட்ல லாகின் ஆனா ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கற மாதிரி பேசிக்கும், அதுக்குள்ள ரிமோட் டெஸ்க்டாப் போட்டுக்கோங்க.

நான் எதையும் ஓப்பன் பண்ணல, ஆனா ஸ்கேன்ல ஓப்பன்னு காட்டுதே?

யுபிஎன்பினு ஒரு வசதி ரௌட்டர்ல ஆன்ல இருக்கும். வீட்டுக்குள்ள இருக்கற கேம் கன்சோல், டிவிஆர், டோரன்ட் ப்ரோக்ராம் எதுவும் உங்கள கேக்காமயே ரௌட்டர்கிட்ட "எனக்கு இந்த போர்ட் தொறந்து விடு"னு சொல்லும், ரௌட்டரும் பாஸ்வேர்ட் கேக்காம தொறந்து விடும். அட்வான்ஸ்ட் மெனுல யுபிஎன்பி பக்கத்துல ஒரு டேபிள் இருக்கும், அதுல எந்த ஐபிக்கு எந்த நம்பர்னு வரும், ஒரு தடவ போயிப் பாருங்க. தேவை இல்லனா ஆஃப் பண்ணுங்க, ஆஃப் பண்ணிட்டு எது நிக்குதுனு பாத்துட்டு முடிவெடுங்க.

7547 ஓப்பன்னு வந்தா அது நெட் கம்பெனி தூரத்துல இருந்து உங்க பாக்ஸ செட் பண்றதுக்கு, டிஆர்-069னு சொல்வாங்க. நியாயமா அது அவங்க சர்வருக்கு மட்டும் தெரியணும், ஊருக்கே தெரியக் கூடாது. 2016 நவம்பர்ல ஜெர்மனில டாய்ச்சே டெலிகாம் கஸ்டமருங்க சுமார் 9 லட்சம் பேர் ரௌட்டர் படுத்துச்சு, மிராயோட ஒரு வகை இந்த போர்ட்ட அடிச்சதாலதான். உங்களுக்கு ஓப்பன்னு வந்தா நெட்காரர்கிட்ட சொல்லுங்க. ரௌட்டரோட "ரிமோட் மேனேஜ்மெண்ட்"டும் ஆஃப்ல இருக்கானு பாருங்க.

சிஜி-நேட்ல இருந்தீங்கன்னா நீங்க ஸ்கேன் பண்ணது உங்க பாக்ஸே இல்ல, நெட் கம்பெனியோட மெஷின், அதுல என்ன ஓப்பனா இருந்தாலும் உங்க வீட்டுக்கு சம்பந்தமில்ல.

நானே எப்படி செக் பண்றது?

உள்ள ஒரு தடவ, வெளிய ஒரு தடவ பாக்கணும். விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட்ல நெட்ஸ்டாட் அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு மைனஸ் ஏஎன்ஓ போடுங்க. "லிசனிங்"னு இருக்கற வரிங்க தான் நமக்கு வேணும். அதுல 127.0.0.1:9000 மாதிரி இருந்தா அந்த ப்ரோக்ராம் அதே கம்ப்யூட்டருக்குள்ள மட்டும் பேசுது, பயமில்ல. 0.0.0.0:445 மாதிரி முன்னாடி பூஜ்யமா இருந்தா எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் கேக்கத் தயார்னு அர்த்தம், அந்த வரியோட கடைசியில இருக்கற நம்பர டாஸ்க் மேனேஜர்ல பிஐடியோட ஒப்பிட்டா எந்த ப்ரோக்ராம்னு தெரிஞ்சிடும். லினக்ஸ்னா எஸ்எஸ் கமாண்ட்.

வெளிய இருந்து பாக்க, மொபைல் டேட்டாவுல இருக்கற லேப்டாப்ல என்மேப் போட்டு உங்க பப்ளிக் ஐபிய குடுங்க. சும்மா விட்டா என்மேப் அதிகம் புழங்கற 1000 போர்ட் மட்டும்தான் பாக்கும், 45123ல ஒளிச்சு வெச்சிருந்தா காட்டாது, மொத்த 65535ம் பாக்கச் சொல்லி ஆப்ஷன் குடுக்கணும், நேரம் ஆகும், விட்டுட்டு வேற வேலையப் பாருங்க.

ஐபிவி6 இருந்தா நேட் இல்லையாமே, அப்ப எல்லாம் வெளிய தெரியுமா?

ரொம்ப நல்ல கேள்வி, இத கேக்கறவங்க கம்மி. ஐபிவி6ங்கறது பழைய ஐபிவி4க்கு அடுத்து வந்த அட்ரஸ் முறை, அதுல ஒவ்வொரு போனுக்கும், டிவிக்கும், கேமராவுக்கும் வெளி உலகத்துல செல்லுபடியாகற அட்ரஸ் கிடைக்கும். நேட் பக்கவிளைவா குடுத்த தடுப்பு இங்க இல்ல, முழுக்க முழுக்க ரௌட்டரோட ஐபிவி6 ஃபயர்வால் கையில இருக்கு. நல்ல பாக்ஸ்ல உள்வர்றத தடுக்கறது டிஃபால்ட்டாவே ஆன்ல இருக்கும், சிலதுல தனியா ஒரு டிக் இருக்கும், அது ஆஃப்லயும் இருக்கலாம். ஒரு வீட்டு நெட்வொர்க்குக்கே 2 பவர் 64 அட்ரஸ் இருக்கறதால வரிசையா தேடிக் கண்டுபிடிக்கறது நடக்காத காரியம், ஆனா நீங்க போற சைட்டுக்கு எல்லாம் உங்க அட்ரஸ் தெரியும், அதனால அத நம்பி விடாதீங்க. ஐபிவி4ல சிஜி-நேட், ஐபிவி6ல நேரடி அட்ரஸ்னு ரெண்டும் ஒரே லைன்ல இருக்கும், ஐபிவி4 மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு நிம்மதியா இருந்தா பாதி வீட்டத்தான் பாத்திருக்கீங்க. என்மேப்ல மைனஸ் 6 போட்டு அதையும் பாருங்க.

பையன் கேம்ல "நேட் டைப் ஸ்ட்ரிக்ட்"னு வருதுனு டிஎம்ஜெட் போடச் சொல்றான்.

டிஎம்ஜெட் போட்டா வேற ரூல் இல்லாத அத்தன போர்ட்டும் அந்த ஒரு மெஷினுக்குப் போயிடும். கம்ப்யூட்டருக்கு போடவே போடாதீங்க. அந்த கேமுக்கு என்ன போர்ட் வேணுமோ அத மட்டும், எக்ஸ்பாக்ஸ்னா 3074, அந்த கன்சோல் ஐபிக்கு மட்டும் குடுங்க. சிஜி-நேட்னா அதுவும் சரிவராது, பையன்கிட்ட அத எடுத்துச் சொல்லுங்க.

விண்டோஸ்ல "அலோ ஆக்சஸ்"னு ஒரு பாக்ஸ் வருதே?

ஒரு ப்ரோக்ராம் உள்வரும் கனெக்ஷனுக்குக் காத்திருக்கப் போகுது, விடலாமானு விண்டோஸ் ஃபயர்வால் கேக்குது. ப்ரைவேட், பப்ளிக்னு ரெண்டு டிக் இருக்கும். பிரிண்டர், பில்லிங் சாஃப்ட்வேர்னா ப்ரைவேட் மட்டும் போதும். பப்ளிக்க டிக் பண்ணா ஒகேனக்கல்ல லாட்ஜ் வைஃபைல உக்காந்தாலும் அங்க இருக்கற எல்லாருக்கும் அது தெரியும். கேன்சல் பண்ணாலும் பெரும்பாலான ப்ரோக்ராம் நல்லாவே ஓடும்.

அடுத்தவங்க ஐபிய ஸ்கேன் பண்ணிப் பாக்கலாமா?

சொந்த லைன், இல்லனா ஓனர் கேட்டுக்கிட்ட லைன் மட்டும். அனுமதி இல்லாம அடுத்தவன் கம்ப்யூட்டருக்குள்ள போறது 2000ஆம் வருஷத்து ஐடி சட்டம் 43, 66 பிரிவுல வரும், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 5 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். டிஃபால்ட் பாஸ்வேர்ட் போட்டு "சும்மா பாத்தேன்"னாலும் அது உள்ள போனது தான்.

ரொம்ப நாளா ஓப்பனா கெடந்திருக்கு. இப்ப என்ன பண்ணணும்?

முதல்ல ரௌட்டர்ல ஃபார்வர்ட் ரூல எடுங்க, யுபிஎன்பிய ஆஃப் பண்ணுங்க. அப்புறம் டிவிஆர நெட்ல இருந்து கழட்டி, வேணுங்கற ரெக்கார்டிங்க காப்பி எடுத்துட்டு, ஃபேக்டரி ரீசெட் பண்ணி, கம்பெனி சைட்ல இருந்து ஃபர்ம்வேர் போட்டு, புது பாஸ்வேர்ட் வெச்சதுக்கு அப்புறம் மறுபடி சொருகுங்க. இந்த வரிசை முக்கியம். மிராய் மாதிரி சிலது மெமரில மட்டும்தான் இருக்கும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணா போயிடும், ஆனா போர்ட்டும் பழைய பாஸ்வேர்டும் அப்படியே இருந்தா கொஞ்ச நேரத்துலயே திரும்ப வந்துடும். டிவிஆர்ல தெரியாத யூசர் பேர் சேந்திருக்கானு பாருங்க. கம்ப்யூட்டர்னா சைபர் ஸ்வச்தா கேந்திரால இலவசமா க்ளீன் பண்ற டூல் குடுக்கறாங்க, மத்திய அரசோட செர்ட்-இன் நடத்தறது. காசு போயிருந்தா தாமதிக்காம சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு கூப்பிடுங்க.

பாக்ஸ் மாத்தினா ரூல் எல்லாம் போயிடுமா?

போயிடும், புது பாக்ஸ்ல டிஃபால்ட் என்னவோ அது வரும். அதனால பாக்ஸ் மாத்தின அன்னைக்கே அட்மின் பாஸ்வேர்ட், யுபிஎன்பி, ரிமோட் மேனேஜ்மெண்ட், ஐபிவி6 ஃபயர்வால் நாலையும் ஒரு தடவ பாத்துடுங்க. மாத்த வர்ற தம்பி கெளம்பறதுக்கு முன்னாடி அட்மின் பாஸ்வேர்ட கேட்டு வாங்கிடுங்க, அப்புறம் கேட்டா ஆபீஸ்ல கேளுங்கம்பாங்க.